கரி படாத குண்டான்

கேஸ் அடுப்பு பொருத்துகிறவன் பிழைப்பு, ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் நாயனம் வாசிக்கிற பிரம்மச்சாரியின் பிழைப்பு.

எண்பதுகளின் தொடக்கத்தில் நெய்வேலி நகரியத்துக் குவார்ட்டர்ஸ்களுக்கு கேஸ் பரவலாக வர ஆரம்பித்தபோது, நான் ஒரு ஏஜென்சியில் மெக்கானிக். பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தவர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். அவ்வளவு காத்திருந்து சிலிண்டர் வந்து இறங்கினாலும் வீட்டுக்காரர்களுக்குச் சந்தேகம் தீராது. சுற்றுவட்டாரத்தில் முந்திரி விறகு மலிவாயிற்றே! அதனால் விறகடுப்பில் ஒரு குண்டான், கேஸில் ஒரு குண்டான் என்று ஒரே அளவு தண்ணீர் வைத்து, எது முந்திக் கொதிக்கிறது என்று காட்டிவிட்டு வருவதும் என் வேலையில் சேர்த்தி.

கேஸ் தோற்ற கதை

ஒரு வீட்டில் திருநெல்வேலிக்கார அம்மா. இரண்டு குண்டான்களையும் அவரே தண்ணீர் பிடித்து ஏற்றினார். விறகடுப்பில் தளதளவென்று கொதிக்கிறது. என் பக்கம் அப்போதுதான் லேசாக ஆவி. எனக்கு மானம் போயிற்று. ரெகுலேட்டரைத் திருகிப் பார்க்கிறேன், குழாயைத் தட்டிப் பார்க்கிறேன், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

கடைசியில் குண்டானைத் தூக்கி அடியைப் பார்த்தேன். விறகில் வைக்கும்போது கரி ஒட்டாமலிருக்கச் சாம்பலைக் குழைத்து வெளியே பூசுவார்களே, அது விரல் கனத்துக்கு இருந்தது. புது அடுப்பாச்சே என்று கேஸ் குண்டானுக்கு மட்டும் மரியாதையாக இரட்டைப் பூச்சு! “அம்மா, கேஸில் கரியே பிடிக்காது” என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“கரியே பிடிக்காதா? அப்போ மத்தியானம் பூரா நான் என்னத்தத் தேய்க்க?”

சூடு பத்தவில்லை

மார்கழியில் ஒரு ஃபோர்மேன், அடுப்பில் சூடே இல்லை என்று புகார் கொடுத்தார். போய்ப் பற்றவைத்தால் நீலமாக, நிதானமாக எரிகிறது. தண்ணீர் வைத்துக் காட்டினேன், சீக்கிரமே கொதித்தது. மனிதர் திருப்தியடையவில்லை. மனைவி சமையலறையை விட்டுப் போகும்வரை காத்திருந்து, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். முதல் ஷிப்ட் பஸ்ஸுக்குக் கிளம்புகிறவர் அவர். குளிக்கத் தண்ணீர் காயும்வரை விறகடுப்பு முன்னால் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பழகியவர்.

“தண்ணி சட்டுனு காயுது தம்பி, அதுல கொறையில்ல. முன்னல்லாம் ரெண்டு பேரும் அடுப்பு முன்னால உக்காந்து நாலு வார்த்தை பேசுவோம். இப்ப அவ நின்னுகிட்டுல்ல சமைக்கிறா!”

எப்பங்க எடுப்பாங்க?

என் வீடு கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்தில், கீற்றுக் கூரை. கூரை வீட்டுக்குக் கனெக்‌ஷன் கிடையாது என்பது எங்கள் ஏஜென்சி விதி. அதை வாடிக்கையாளர்களிடம் ஒப்பிக்கிறவனே நான்தான். ஓடு போடலாமென்றால், ஊரையே நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டு, வேறிடத்தில் மனையும் பணமும் தரப்போவதாகப் பேச்சு. போகப்போகிற வீட்டுக்கு யார் ஓடு வாங்குவார்கள்? எங்கள் தெருவே அப்படித்தான், ஒழுகுகிற இடத்தில் மட்டும் கீற்றைச் செருகிக்கொண்டு காத்திருந்தது.

என் மனைவி தனத்துக்குப் புகை ஆகாது. சோறு வேகும்வரை இருமுவாள். கேஸ் இல்லாவிட்டாலும் விருத்தாசலம் சந்தையில் ஒரு அலுமினியக் குண்டான் வாங்கி, கேஸுக்கென்று தனியாக ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். விறகடுப்புப் பக்கம் அதைக் கொண்டுபோகவே மாட்டாள். சாயங்காலம் நான் வந்ததும், இன்றைக்கு எந்த வீட்டில் அடுப்பு வைத்தேன், எப்படி எரிந்தது என்று ஒன்றுவிடாமல் கேட்டுக்கொள்வாள். நிலத்தை எடுத்துவிடக் கூடாதே என்று ஊரே சாமி கும்பிட்ட நாட்கள் அவை. இவள் மட்டும் அடுப்பை ஊதிக்கொண்டே என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்பாள்.

“நம்ம நெலத்த எப்பங்க எடுப்பாங்க?”

குண்டான் வந்த நாள்

நிலம் எடுக்கிற பேச்சு பேச்சாகவே இருந்தது. அவள் இருமலைக் கேட்க எனக்கும் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் சொல்லிவிட்டு, தனத்தைச் சைக்கிளில் உட்காரவைத்து ஏஜென்சிக்கு அழைத்துப் போனேன். வழி முழுக்கக் குண்டான் அவள் மடியில்.

முன்னறையில் செய்முறை காட்டுகிற அடுப்பு உண்டு. தண்ணீர் ஊற்றி வைத்தாள். தீக்குச்சியும் அவளே கிழித்தாள். குபுக்கென்று பற்றியதும் பின்வாங்கி, பிறகு கிட்டே வந்தாள். கொதித்ததும் இறக்கி, தண்ணீரைக் கொட்டிவிட்டு அடியைத் திருப்பிப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது. துடைக்க ஒன்றுமில்லாவிட்டாலும் முந்தானையால் துடைத்தாள். ஒரு தடவைகூட இருமவில்லை. அடுப்பை மூடக் கை நீட்டினேன். தனம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அணைச்சிடாதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துகினு இருக்கேன்.”

விறகா கேஸா, எது சிக்கனம் என்று ஊருக்கெல்லாம் கொதிக்கவைத்துக் காட்டிய நான், மேலே ஒன்றும் வைக்காமல் கேஸை எரியவிட்டுக்கொண்டு நின்றது அந்த ஒரு நாள்தான்.