என்ர கண்ணோட திரிஞ்ச சிவப்புப் புள்ளி

இதை எழுதாமலே விட்டிடுவம் எண்டுதான் இருந்தனான். எழுதினா நானே என்னைக் காட்டிக் குடுக்கிற மாதிரி. ஆனா சும்மா இருக்க எனக்கு எப்ப தெரிஞ்சது.

லண்டனில, எட்மண்டன் பக்கம் எனக்கொரு கூட்டாளி இருக்கிறான். இஞ்சையே பிறந்தவன். தமிழ் நல்லாக் கதைப்பான், வாசிக்கத் தெரியாது. ஆர்ச்வே கோயிலுக்குப் போனா நோட்டீசைக் காட்டி, "டேய், இதை வாசி பாப்பம்" எண்டு சனத்துக்கு முன்னால கேப்பன். முழிப்பான். "இவர் யூனிவர்சிட்டி முடிச்ச தற்குறி" எண்டு பக்கத்தில நிக்கிறவைக்கு அறிமுகம் செய்து வைப்பன். எனக்கு அவன் வொய்ஸ் மெசேஜ்தான் அனுப்புவான். எழுதப் பஞ்சி, சோம்பேறி எண்டு அதுக்கும் நக்கலடிப்பன்.

எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. அது அவனுக்குத் தெரியாதெண்டு நினைச்சிருந்தன். எட்டாம் வகுப்போட ஊரை விட்டு, பாரிஸில கொஞ்சக் காலம், பிறகு இஞ்ச. கதைக்கிறது கடையில நிண்டு பழகினது. போனில எது வந்தாலும் பச்சைப் பட்டனை அமத்துவன், அனேகமாச் சரிவரும். ஆரும் கடிதத்தை நீட்டினா, கண்ணை மேலயிருந்து கீழ ஓட்டி, "ம்" எண்டு தலையாட்டித் திருப்பிக் குடுத்திடுவன்.

அவன்ர வேலையிடத்தில வெப்சைட்டுகளைச் சனத்திட்டக் குடுத்துச் சோதிச்சுப் பாக்கிறவை. "ஒரு ஆள் குறையுது, வாவன். ஸ்கிரீனைப் பாக்கிறதுதான் வேலை" எண்டான்.

"அதுக்கும் ஆளோ? உங்கட கொம்பனியில ஒருத்தருக்கும் கண் இல்லையோ?" எண்டு சிரிச்சுக்கொண்டு போனன்.

ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை என்னை இருத்தினா. ஸ்கிரீனுக்குக் கீழ நீளமா ஒரு கறுப்புச் சாமான். "இது உங்கட கண் எங்க போகுதெண்டு பாக்கும்" எண்டு சொல்லி, ஒரு புள்ளியை ஓட விட்டா. நான் கண்ணை அதுக்குப் பின்னால விட்டன்.

"நல்ல கண்" எண்டா.

"எல்லாரும் அதைத்தான் சொல்லுறவை" எண்டன்.

சிரிச்சா. பிறகு சொன்னா, "நீங்கள் பாக்கிற இடத்தில ஒரு சிவப்புப் புள்ளி விழும். பக்கத்து அறையில எங்கட ஆக்கள் அதைப் பாத்துக்கொண்டிருப்பினம். உங்கட கூட்டாளியும்தான்."

என்ர சிரிப்பு அப்பிடியே நிண்டுது. வாயால சமாளிக்கலாம், தலையால சமாளிக்கலாம். கண்ணால என்னெண்டு சமாளிக்கிறது?

ஒரு ஆஸ்பத்திரி வெப்சைட், இன்னும் வெளியில விடாதது. டொக்டரைப் பாக்கிற நாளை மாத்தவேணும், அதுதான் எனக்குத் தந்த வேலை. ஸ்கிரீன் முழுக்க எழுத்து. கீழ இரண்டு பட்டன், இரண்டும் சாம்பல் நிறம். பச்சையைக் காணேல்ல.

வாசிக்கிற மாதிரிக் கண்ணை ஓட்டினன், அடுத்த வரி, அடுத்த வரி. கண்ணை மூடுவமோ எண்டும் யோசிச்சன். மூடினா அதுவும் தெரியுமே. சுவருக்கு அங்கால அவன் இருக்கிறான். கடைசியில இடப்பக்கத்துப் பட்டனை அமத்தினன்.

முடிய, அந்தப் பொம்பிளை பதிவைப் போட்டுக் காட்டினா. புள்ளி ஒரு சொல்லிலயும் நிக்காமல், ஒரே வேகத்தில, புல்லு வெட்டுற மெஷின் மாதிரி வரிவரியாப் போச்சுது. பிறகு இரண்டு பட்டனுக்கும் நடுவில இஞ்சால அங்கால, இஞ்சால அங்கால. நான் நடுங்கினது அப்பிடியே படமா ஓடுது.

"இதில நிண்டு என்ன யோசிச்சனீங்கள்?"

"எது வடிவெண்டு."

அவ சிரிக்கேல்ல. "நீங்கள் அமத்தினது நாளை மாத்திற பட்டன் இல்ல. டொக்டரைப் பாக்கிறதையே வேண்டாமெண்டு சொல்லுறது" எண்டா மெதுவா. "பட்டனிலதான் பிழை, உங்களில இல்ல."

அந்த ஆறுதல்தான் கூடப் பயமாக் கிடந்துது. இவவுக்கு விளங்கிட்டுது. அப்ப அவனுக்கு?

வாசலில நிண்டான். இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வெளிக்கிட்டம். கோயிலில நான் சொல்லுற அந்தச் சொல்லு இப்ப எனக்குத் திரும்பி வரப்போகுதெண்டு காதைத் தீட்டிக்கொண்டு நடந்தன். வரேல்ல. வராதது இன்னும் பயம். படியில இறங்கேக்க நானே கேட்டன், "எல்லாம் பாத்தனியோ?"

"மற்ற எல்லாருக்கும் இங்கிலீஷில எழுதித்தானே அனுப்புறனான், உனக்கு மட்டும்தான் மச்சான் வொய்ஸ்."