அவன் ஜேர்சியில் நான் பிடித்த பெனால்டி

குருநகரில் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு இரண்டு கீப்பர்கள் இருந்தோம். கீப்பர் ஜேர்சி ஒன்றுதான் இருந்தது. சுவிஸிலிருந்து ஒருவர் எல்லாருக்கும் பெயர் போட்டு அனுப்பியபோது, வெளியில் குந்தியிருக்கிற கீப்பருக்கு எதற்கு என்று நிர்வாகம் நினைத்துவிட்டது. குந்தியிருந்தவன் நான்.

பெனால்டி என்று வந்தால் மட்டும் என்னை இறக்குவார்கள். அடிக்கிறவன் ஊன்றுகிற காலைப் பார்த்தே எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதுவரை ஆடிய மற்றக் கீப்பர் தன் பெயர் போட்ட ஜேர்சியைக் கழற்றித் தருவான். அந்த வியர்வையோடு அதை மாட்டிக்கொண்டு போவேன்.

மானிப்பாயில் ஆடிய இறுதியாட்டத்திலும் அப்படித்தான். கடைசி உதையை ஒரு கையால் தட்டிவிட்டேன். கோலுக்குப் பின்னாலிருந்து யாரோ எடுத்த காணொளியில் என் முதுகும் அதில் அவன் பெயரும்தான் தெரிந்தன. கனடாவில் ஒருவர் அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து முகநூலில் போட்டார். இரண்டு நாளில் எல்லாருடைய தொலைபேசியிலும் அது ஓடியது.

அதைப் பார்த்துக் கொழும்பிலிருந்து ஒரு கழகம் அவனைக் கூப்பிட்டது. சம்பளத்துக்கு ஆடப் போனான். அவன் திறமையில்லாதவன் என்று சொன்னால் என் நாக்கு அழுகும். அங்கும் நன்றாகத்தான் பிடிக்கிறான். ஆனால், அவன் தலைமயிர் வெட்டிய படத்துக்கும் ஊர்ப்பட்ட சனம் இதயம் போடுவதை, மீனுக்கு ஐஸ் அடித்த கையோடு பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். பார்க்காமலும் இருக்க மாட்டேன்.

போன தேவாலயப் பெருநாளுக்கு அவன் ஊருக்கு வந்திருந்தான். கடற்கரையில் மறித்துக் கேட்டேன்.

“அந்தப் பெனால்டி ஆர் பிடிச்சது எண்டு ஒருநாளாவது சொன்னனியா?”

அவன் முகம் சிறுத்துப்போனது.

“ஒருத்தரும் கேக்கேல்லை மச்சான். நானும் சொல்லேல்லை. பிழைதான்.”

“இப்ப சொல்லு.”

“ஓம். ஞாயிற்றுக்கிழமை நேரலையிலை சொல்லுறன்.”

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மனைவியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினேன். அவன் சொன்ன சொல் தவறவில்லை.

“அது நானில்லை. என்ரை ஜேர்சியைப் போட்டுக்கொண்டு எங்கடை மற்றக் கீப்பர் பிடிச்சது. பெனால்டிக்கு என்னைவிட அவன்தான் கெட்டிக்காரன்” என்றான். என் பெயரையும் சொன்னான்.

கீழே கருத்துகள் ஓடத் தொடங்கின. எவ்வளவு தன்னடக்கம். பெரிய மனசு அண்ணை உங்களுக்கு. உங்களைப் பெற்ற தாய் புண்ணியவதி. நான் கேட்டு வாங்கிய உண்மையும் அவன் கணக்கிலேயே சேர்ந்தது.

என் பெயரை யாராவது எழுதியிருக்கிறார்களா என்று விரலால் தள்ளிக்கொண்டே போனேன். ஒரே ஒரு இடத்தில் இருந்தது, பக்கத்தில் ஒரு இதயமும். எழுதியது யாரென்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். என் மனைவி தன் தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள்.