குஞ்சு பொரிப்பகத்தில் கிடைத்த ஆள்

அலுவலகத்தில் அவருக்கு ‘ஆள்பிடி அக்கா’ என்று பேர். புதிதாகத் தொடங்கும் கம்பெனிகளில் முதலீடு செய்யும் நிறுவனம் அது. பணத்தைப் போட்டுவிட்டு ஒதுங்காமல், அந்தக் கம்பெனிகளுக்கு வேலையாட்களையும் தேடித் தரும். அந்த வேலை அக்காவுடையது. அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு பேருந்துக் கம்பெனிக்கு ஓட்டுநர்களைச் சேர்த்தவர். ஒருவர் ஸ்டியரிங்கில் கை வைக்கும் விதத்திலேயே ஆளை எடைபோட்டுவிடுவார்.

அவரையே திணறடித்தாள், அந்த நிறுவனம் பணம் போட்ட ஒரு கம்பெனிக்காரி. நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, குறைமாதக் குழந்தைகளை ஆம்புலன்ஸில் கொண்டுபோகச் சின்ன இன்குபேட்டர் செய்துகொண்டிருந்தாள். மூன்று வாரத்தில் ஆஸ்பத்திரியில் சோதனை. குழந்தையைக் கதகதப்பாக வைக்க வேண்டிய அந்தப் பெட்டிக்குள் சூடோ ஒரே அளவில் நிற்காமல் ஏறி இறங்கியது. அதைச் சரிசெய்ய அக்கா அனுப்பிய ஒன்பது பேரையும் அவள் திருப்பி அனுப்பிவிட்டாள்.

“நீ இன்ஜினியரையா தேடுற? கடவுளைத் தேடுறம்மா!” என்றார் அக்கா. “எல்லாம் தெரிஞ்சவர் வேண்டாம். முதல் மூணு வாரத்துல அவர் செய்ய வேண்டிய ஒரே வேலை என்ன, அதைச் சொல்லு.”

அவள் யோசித்தாள். “சூடு அசையக் கூடாதுக்கா. அவ்வளவுதான்.”

அன்று முழுக்க அந்த வார்த்தை அக்காவின் மண்டைக்குள் சுற்றியது. சூடு அசையாமல் பார்த்துக்கொள்வதையே பிழைப்பாக வைத்திருப்பவர் யார்? மறுநாள் காலை பளிச்சென்று பிடிபட்டது. கோழிக்குஞ்சு பொரிக்கும் இடம்! பேருந்தைப் பிடித்து ஊருக்கு வெளியே இருந்த குஞ்சு பொரிப்பகத்துக்கே போய்விட்டார். ஆயிரக்கணக்கான முட்டைகள் அடுக்கிய அறைகளைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக், விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“மேடம், நான் கோழிக்குஞ்சு பார்க்கிற ஆளு.”

“அதனாலதாண்ணே வந்தேன்.”

நர்ஸுக்கும் நம்பிக்கை வரவில்லை. அக்கா விடவில்லை. “இன்டர்வியூ வேண்டாம். பெட்டியை அவர் கையில கொடு. அந்த அரை நாள் சம்பளம் எங்க ஆபீஸ் கொடுக்கும்.”

சனிக்கிழமை மெக்கானிக் நர்ஸின் பட்டறைக்கு வந்தார். முதலில் கேட்டது கொஞ்சம் பஞ்சு. ஒரு இழையை நூலில் கட்டிப் பெட்டிக்குள் தொங்கவிட்டு, ஹீட்டரைப் போட்டார். பஞ்சு ஒரே பக்கமாகச் சாய்ந்து பறந்தது.

“பாருங்க, சூட்டுக் காத்து நேரா சென்சார் மூஞ்சியில அடிக்குது. அது போதும்னு நினைச்சு ஹீட்டரை அணைச்சிடுது, ஆறினதும் திரும்பப் போடுது. பாப்பா படுக்கிற இடம் ஜில்லுனு கிடக்குது.”

சென்சாரைப் படுக்கை ஓரத்துக்கு மாற்றினார். காற்றுக்குக் குறுக்கே ஒரு தகட்டை வளைத்து வைத்தார். திரையில் முப்பத்தைந்து டிகிரி. பத்து நிமிடம் கழித்தும் முப்பத்தைந்து. அரை மணி நேரம். அதே முப்பத்தைந்து!

நர்ஸ் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்துவிட்டார். “அண்ணா, திங்கட்கிழமையே வந்துடுங்க!”

அவர் தலையைச் சொறிந்தார். “வீட்டுல கேக்கணும்.”

மறுநாள் அக்கா மெக்கானிக் வீட்டுக்கே போனார். டீச்சரான அவர் மனைவி சுற்றிவளைக்கவில்லை. “இந்தக் கம்பெனி ஒரு வருஷத்துல மூடிட்டா?”

“மூடலாம்தான். பொய் சொல்ல மாட்டேன்,” என்றார் அக்கா. “ஆனா நாங்க பணம் போட்ட கம்பெனி இன்னும் இருபது இருக்கு. மூடினா, அடுத்த நாளே இவருக்காக நான் கதவைத் தட்டுவேன்.”

மனைவி கணவரைப் பார்த்தார். “நேத்துலேர்ந்து பெட்டியைப் பத்தியேதான் பேசுறீங்க. போங்க.”

சோதனை நாளன்று, பெட்டியை ஆம்புலன்ஸில் ஏற்றி மூன்று மணி நேரம் மேடுபள்ளமெல்லாம் குலுக்கி எடுத்தார்கள். அக்காவுக்கு அலுவலகத்தில் இருப்புக்கொள்ளவில்லை. மதியம் மெக்கானிக்கிடமிருந்து போன் வந்தது.

“மேடம், அசையவே இல்ல! ஆஸ்பத்திரியில இன்னும் நாலு பெட்டி கேக்குறாங்க!”

அக்கா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “நாலா? அப்போ உங்களுக்குக் கீழ ரெண்டு பேர் வேணுமேண்ணே! எப்படிப்பட்ட ஆளுங்க வேணும், இப்பவே சொல்லுங்க!”