பூவம்மா சொல்ல மறுத்தது

பூவம்மாவைத் தரை துடைக்கத்தான் வேலைக்கு எடுத்தார்கள். ஆனால் 1961-இல் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் பிரிவுக்குத் தமிழ் மட்டுமே தெரிந்த யார் வந்தாலும் டாக்டர்கள் அவளைத்தான் கூப்பிட்டார்கள். மலாய் நன்றாக வரும். ஆங்கிலம் வேலைக்கு ஆகிற அளவுக்குத் தெரியும். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்தபடி போய் நிற்பாள்.

ஊரார் வலியையெல்லாம் எடுத்துச் சொன்னவளுக்கு ஒரு வலி இருந்தது. இரண்டாவது பிரசவத்தில் தையல் போட்டதிலிருந்து ஒன்பது வருஷமாகப் பெண்ணுறுப்பில் எரிச்சல். பஸ்ஸில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவாள். புருஷன் மருதப்பன் பக்கத்தில் வந்தாலே உடம்பு விறைத்துப்போகும். ஒரே ஒருமுறை ஒரு நர்ஸிடம் சொல்லிப் பார்த்தாள். “பிள்ளை பெத்தா அப்படித்தான்லா” என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு சொல்லவில்லை.

அன்று ரபியா நான்காவது தடவையாக வந்திருந்தாள். சிராங்கூன் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த நெய்னா முகம்மதுவின் மனைவி. இருபத்து மூன்று வயது, கல்யாணமாகி மூன்று வருஷம், பிள்ளை இல்லை. வெளியே பெஞ்சில் அவள் மாமியார், “புருஷன் தொட்டா எரியுதாம்! எங்க காலத்துல யாருக்கு எரிஞ்சுச்சு?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தாள்.

உள்ளே டாக்டர் நோயாளி அட்டையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. “இவளுக்கு ஒரு நோயும் இல்லை. எல்லாம் மனசு. புருஷனோடு ஒழுங்காகக் குடும்பம் நடத்தச் சொல். இனிமேல் என் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றும் சொல்” என்றார் ஆங்கிலத்தில்.

“அக்கா, என்ன சொல்றாரு?” என்றாள் ரபியா.

பூவம்மாவுக்குக் காது சுட்டது. இதே வார்த்தைகளை எத்தனை பெண்களிடம் தன் வாயால் சொல்லியிருக்கிறாள்! தலையைக் குனிந்துகொண்டு போனவர்களின் முகமெல்லாம் ஞாபகம் வந்தது.

“நான் சொல்ல மாட்டேன், டாக்டர்” என்றாள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். “அது பொய். எனக்கும் அந்த வலி இருக்கு. ஒன்பது வருஷமா இருக்கு.”

டாக்டர் சிரித்தார். “அப்படியானால் பைத்தியம் இரண்டு பேருக்கு” என்றார்.

பூவம்மா ரபியாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். “அந்த ஆளு உன்னைப் பார்க்கவே இல்ல, தங்கச்சி. பார்க்கறவங்ககிட்ட போவோம், வா.”

கீழ்த்தளத்தில் போலியோ பிள்ளைகளுக்குக் கால் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி அறை இருந்தது. அங்கே மிஸ் ஹார்ட்லி என்ற வெள்ளைக்காரி, கர்ப்பிணிகளுக்கு இடுப்புக்குக் கீழே உள்ள தசைகளைத் தளர்த்தக் கற்றுக்கொடுப்பதைத் தரை துடைக்கும்போது பூவம்மா பார்த்திருக்கிறாள். டாக்டர் சீட்டு இல்லாமல் முடியாது என்றுதான் மிஸ் ஹார்ட்லியும் முதலில் சொன்னாள். ரபியா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள்.

“தொடலாமா என்று கேள். வேண்டாம் என்றால் உடனே நிறுத்திவிடுவேன் என்றும் சொல்.”

பூவம்மா சொன்னாள். ரபியா அழுதுவிட்டு, சரி என்று தலையாட்டினாள். மூன்று வருஷத்தில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை.

கையுறை போட்ட ஒரு விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு மிஸ் ஹார்ட்லி தன் முஷ்டியை இறுக்கிக் காட்டினாள். “உள்ளே தசை இப்படி இருக்கிறது. இவள் வேண்டுமென்று செய்யவில்லை. வலிக்குப் பயந்து உடம்பு இறுகிக்கொண்டது. இறுக இறுக வலிக்கிறது. இந்த வலிக்கு நான் இதுவரை வைத்தியம் செய்ததில்லை. ஆனால் தசையைத் தளர்த்தத் தெரியும்.”

மேலே வேலை பார்த்த ஒரு லேடி டாக்டரிடம் மிஸ் ஹார்ட்லியே போய்ச் சீட்டு வாங்கி வந்தாள். அதன் பிறகு புதன்தோறும் ரபியா ஒருக்களித்துப் படுத்து, வயிறு நிறைய மூச்சிழுத்து, சிறுநீர் கழிக்கத் தொடங்கும்போது விடுவதுபோல அடித்தசையை விடப் பழகினாள். வலி தணியும்வரை புருஷனோடு சேர்க்கை கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லப்பட்டது.

அதைக் கேட்டு நெய்னா முகம்மது, “எத்தனை நாளைக்கு?” என்று முகம் சுளித்தார்.

“உங்க கை ஒடிஞ்சா எத்தனை நாள் கட்டுப் போடுவாங்கன்னு கணக்குக் கேப்பீங்களா, பாய்?” என்றாள் பூவம்மா. “மூணு வருஷம் இந்தப் புள்ள பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. அதை யாரு கேட்டா?”

அடுத்த புதன்கிழமை, தாயாரை வீட்டில் விட்டுவிட்டு அவரே ரபியாவை அழைத்து வந்தார்.

டாக்டர் சும்மா இருக்கவில்லை. மரியாதை தெரியாதவள் என்று புகார் எழுதினார். பூவம்மாவை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு மாற்றினார்கள். நீராவிக்குள் நின்று படுக்கை விரிப்புகளைப் பிழிந்தவள், சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து ரபியாவுக்கு மொழிபெயர்த்தாள். ஒரு நாள் ரபியா எழுந்ததும், “இப்போது நீ படு” என்றாள் மிஸ் ஹார்ட்லி பூவம்மாவிடம். அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவதையும் கவனித்திருந்தாள்.

ஏழு மாதத்தில் ரபியாவால் நிமிர்ந்து உட்கார முடிந்தது. கணவரோடு வாழவும் முடிந்தது. எரிச்சல் எப்போதாவது வரும், போகும். பூவம்மாவுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. வலி பாதியாயிற்று. மீதிப் பாதி அப்படியே நின்றது.

1964-இல் மிஸ் ஹார்ட்லி ஊருக்குப் போய்விட்டாள். இரண்டு மாதம் கழித்துச் சலவைக்கூட வாசலில் கண்மணி என்ற பெண் வந்து நின்றாள். செம்பவாங்கிலிருந்து பஸ் முழுக்க நின்றுகொண்டே வந்திருந்தாள். ரபியா சொல்லி அனுப்பினாளாம். டாக்டரோ, எல்லாம் மனசுதான் என்றாராம்.

பூவம்மா கையிலிருந்த விரிப்பைத் தொட்டியில் போட்டாள்.

“எந்த டாக்டர்?” என்று கேட்டாள். பெயரைக் கேட்டுக்கொண்டு, ஈரச் சேலையோடு கண்மணியையும் கூட்டிக்கொண்டு, புகார் சொல்ல நர்ஸ்களுக்குத் தலைவியான மேட்ரனின் அறைக்கு நடந்தாள்.