ரெண்டாம் தரம் கேட்கவில்லை

இணைய இணைப்புத் தொழிலில் பாராட்டு என்று ஒன்று கிடையாது, புகார் வராத நாளை நாமே பாராட்டிக்கொள்ள வேண்டியதுதான். இதே வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். தென்னூரில் எங்கள் அலுவலகம். எந்தத் தகவல் எந்தக் கேபிள் வழியாகப் போக வேண்டும் என்று ஊர் முழுவதற்கும் ஒரே மென்பொருள் முடிவெடுக்கும். அதற்கு விதி எழுதுவது என் வேலை.

நூறு இருக்கிறதே

ஸ்ரீரங்கம் வைதேகி மாமி இணையத்தில் பாசுரங்களைச் சந்தை முறையில் சொல்லித் தருகிறார். அவர் ஒரு வரியை ஒரு தரம் சொன்னால் வெளியூர்க் குழந்தைகள் இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வேண்டும். மாலை ஆறு மணி ஆனால் குரல் போய்ச் சேர ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு அளவு தாமதம் ஆனது. முடித்துவிட்டார்கள் என்று நினைத்து மாமி அடுத்த வரியைத் தொடங்குவார், அப்போதுதான் குழந்தைகளின் இரண்டாம் தரம் வந்து அதன்மேல் விழும். இரண்டு குழந்தைகள் வகுப்பிலிருந்தே நின்றுவிட்டார்கள். நான் சோதித்துப் பார்த்து, வேகம் நூறு எம்பிபிஎஸ் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன்.

"வேகம் இருக்கட்டும் சார், குழந்தைகள் ரெண்டாம் தரம் சொல்லி முடிச்சாளான்னு எனக்குத் தெரியணுமே" என்றார்.

ஆறு மணி அரிசி மில்

ஸ்ரீரங்கத்திலிருந்து தென்னூருக்கு எங்களுக்கு இரண்டு வழி. ஒன்று காவிரிப் பாலத்தின் மேல் நேராக, இன்னொன்று சுற்றிக்கொண்டு. எங்கள் பழைய விதிக்குப் பாலத்து நேர் வழியைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மண்ணச்சநல்லூர் அரிசி மில் ஒன்று, அன்றைய கேமரா பதிவு முழுவதையும் ஆறு மணிக்கு அதே வழியில் அனுப்பிக்கொண்டிருந்தது. மாமியின் குரல் அதற்குப் பின்னால் காத்துக் கிடந்தது. நேரத்தை மாற்ற முடியுமா என்று மில் முதலாளியிடம் கேட்டேன். மில்லை மூடும் நேரம் அதுதான் என்றார்.

"ஒரு களம் நெறஞ்சா நெல்லை அடுத்த களத்துல கொட்டுறோம் தம்பி, உங்களுக்கு வேற வழியே கிடையாதாங்க?" என்றும் கேட்டார்.

என் மூளை

ரோஷம் வந்துவிட்டது. ஐந்து விநாடிக்கு ஒரு முறை இரண்டு வழியையும் அளந்து, தாமதம் குறைந்த வழியில் எல்லாவற்றையும் அனுப்பும்படி புது விதி எழுதினேன். எல்லாம் சுற்று வழிக்குப் பாய்ந்தன. அது நெரிந்தது. உடனே எல்லாம் பாலத்துக்குத் திரும்பின. இப்படியே மாலை முழுக்க ஊசலாட்டம். மாமியின் வகுப்பு முன்பைவிட மோசம். வெள்ளிக்கிழமையோடு வகுப்பையே நிறுத்திவிடுகிறேன் என்று செய்தி அனுப்பிவிட்டார். படித்ததும் எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் அலுவலக ஜோஸ்பின் சொன்னார்: "எல்லாரையும் ஒரே நேரத்துல திருப்பி விட்டுட்டு, கூட்டம் எங்கேயிருந்து வந்துச்சுன்னு தேடுறீங்க சார்."

வெள்ளிக்கிழமை

மூன்று நாள் ஜோஸ்பினும் நானும் உட்கார்ந்து விதியை மாற்றினோம். பேச்சு, வகுப்பு எல்லாம் பாலத்து வழியில். காத்திருந்தால் குடிமுழுகாத மில் பதிவு சுற்று வழியில். ஒரு வழி கொடுத்த பிறகு, பெரிய நெரிசல் வந்து அது நீடித்தால்தான் மாற்றுவது.

ஆறு மணிக்கு மாமி வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். மாமி ஒரு வரி சொன்னார். குழந்தைகள் ஒரு தரம் சொன்னார்கள், இரண்டாம் தரமும் சொன்னார்கள். எதுவும் எதன்மேலும் விழவில்லை. நான் மூச்சு விட்ட நேரத்தில் மாமி கையைக் காட்டி வகுப்பை நிறுத்தினார். ஒரு பெண் குழந்தையை மட்டும் தனியாகச் சொல்லச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இத்தனை நாளா தப்பாவே சொல்லிண்டிருந்திருக்கா, அந்தச் சத்தத்துல என் காதுல விழவே இல்லை. முதல் பாசுரத்துலேர்ந்து ஆரம்பிக்கணும் சார், இப்போ எப்படி வகுப்பை நிறுத்தறது?"

நாங்கள் பாடுபட்டுத் தாமதத்தைக் குறைத்ததில், பாவம், அந்தக் குழந்தைக்குத்தான் பாடம் கூடிப்போயிற்று.