சகலை மறைத்த சிவப்புப் புள்ளி

அலுவலகத்தில் அவனைப் பெரியவர் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது முப்பத்து நான்கு. மனைவியின் தங்கையைக் கட்டியவன் அதே அலுவலகத்தில் வந்து சேர்ந்த அன்று, வரவேற்பில் இருக்கும் பெண் வைத்த பெயர் அது. "இனிமே இவரு பெரியவரு, அவரு சின்னவரு. ரெண்டு சகலையும் ஒரே கலர் சட்டை மட்டும் போட்டுட்டு வந்துடாதீங்க, எனக்குக் கொழம்பிடும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், பெரியவரும் சிரித்தான். சின்னவரை வேலைக்குச் சிபாரிசு செய்ததே அவன்தானே.

அவர்கள் செய்வது இதுதான். பேருந்து இருக்கையின் கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இரும்பில் செய்வதற்கு முன்பே கணினிக்குள் செய்து, சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, பாரம் ஏற்றி, எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று பார்ப்பார்கள். திரையில் வண்ணமாக வரும். குறைவு நீலம், அதிகம் சிவப்பு. மிக அதிகமான இடத்தில் மென்பொருளே ஒரு சின்னக் கொடியைக் குத்தி எண்ணைக் காட்டும். மூட்டை தூக்கிப் பிழைத்த பெரியவரின் அப்பா ஒருமுறை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, சிவப்பு நல்லதா கெட்டதா?" என்று கேட்டார். கல்லூரிக்குப் போய்த்தான் முதன்முதலாகக் கணினியைத் தொட்டவன் பெரியவர். சின்னவரின் அப்பாவோ எஞ்சினியர், தாத்தாவும் எஞ்சினியர். அந்த வீட்டில் யாரும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்க வேண்டியிருந்திருக்காது. இது யாருடைய தப்பும் இல்லை என்று பெரியவருக்குத் தெரியும். தெரிந்தும் என்ன, வயிறு எரிகிறதே.

சின்னவர் போடும் படங்களை வாடிக்கையாளர்கள் கேட்டு வாங்கினார்கள். மாமனார் வீட்டில் கோழித் துண்டு முதலில் சின்னவர் தட்டில் விழுந்தது. போதாததற்கு, அடுத்த மாதம் குழுத் தலைவர் பதவி ஒன்று காலியாகிறது. "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்" என்று மேலாளர் அம்மா வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ஆறு வருடமாகப் பெரியவர் காத்திருந்த நாற்காலி அது.

செவ்வாய்க்கிழமை மதியம், சின்னவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், இருக்கைக் கால் கோப்பைப் பெரியவர் திறந்து பார்த்தான். பொதுக் கோப்பு, யாரும் திறக்கலாம். ஆனால் சின்னவர் எழுந்து போகும் வரை ஏன் காத்திருந்தான் என்று அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அறிக்கையின் படத்தில் உச்ச அளவு 287. தாங்கக்கூடிய வரம்பு 350. எல்லாம் ஒழுங்கு. ஆனால் இரண்டு தகடு சேரும் மூலையில் ஒரு சின்னத் துண்டு மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. சின்னவர் அதை வேண்டுமென்றே கணக்கிலிருந்து விலக்கியிருந்தான். பெரியவர் அதைத் திரும்பச் சேர்த்தான். கொடி தாவிப் போய் அந்த மூலையில் குத்திக்கொண்டது. 412.

அவனுக்கு உடம்பெல்லாம் குளுகுளுவென்றிருந்தது. 'மாட்டினியா மாப்ளே' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். கோப்பைப் பழையபடியே மூடினான். யாரிடமும் மூச்சு விடவில்லை. வியாழக்கிழமை மேலாளர் முன்னால் ஆய்வுக் கூட்டம் இருந்தது. சில விஷயங்களைச் சபையில் வைத்துச் சொன்னால்தான் எடுபடும்.

இடையில் புதன்கிழமை ஒன்று வந்தது. அன்று காலை வரைபடம், தகட்டை அழுத்தி வடிவமாக்கும் அச்சை வெட்டும் பட்டறைக்குப் போய்விட்டது. எஃகில் அச்சை வெட்ட ஆரம்பித்தால் திரும்ப முடியாது. பெரியவர் அதைச் சொன்ன மின்னஞ்சலைப் பார்த்தான், தேநீர் குடித்தான், சும்மா இருந்தான்.

வியாழன் கூட்டத்தில் சின்னவர் படத்தைப் போட்டு முடித்ததும் பெரியவர் தொண்டையைக் கனைத்தான்.

"சகல, அந்த மூலைய ஏன் மறைச்சு வச்சிருக்கீங்க? அங்க நானூத்திப் பன்னெண்டு வருதே?"

சின்னவர் முகத்தில் பதற்றமே இல்லை. "அது நெஜ அளவு இல்ல சகல. கணினியில மூலைய கத்தி மாதிரி வரைஞ்சிருக்கோம். கட்டத்தப் பொடிசாக்கினா நானூறு, ஐநூத்தி முப்பது, எழுநூறுன்னு ஏறிக்கிட்டே போகும், எங்கயும் நிக்காது. நெஜ சாமான்ல அங்க வளைவு இருக்கு. வளைவோட தனியா ஓட்டியும் பாத்துட்டேன், இருநூத்தி நாப்பதுதான். மூலையையும் சேத்து வச்சா மத்ததெல்லாம் வெறும் நீலமாத் தெரியுது, அந்த இருநூத்தி எம்பத்தி ஏழு கண்ணுக்கே படல. ஆறாவது பக்கத்துல எழுதியிருக்கேன்." பிறகு, "நான் சேர்ந்த புதுசுல நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?" என்றான்.

உண்மைதான். அதே மேசையில், அதே வார்த்தைகளில் சொல்லிக்கொடுத்திருந்தான். பெரியவர் ஆறாவது பக்கத்தைப் புரட்டியே பார்த்திருக்கவில்லை. படத்தோடு நின்றுவிட்டான்.

மேலாளர் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அது சரி. நீங்க இத எப்பப் பாத்தீங்க?"

"செவ்வாக்கிழம."

"நேத்து காலைல வரைபடம் பட்டறைக்குப் போச்சு. அது தப்புன்னு நெனச்சுக்கிட்டா போக விட்டீங்க?"

 பெரியவர் அறிக்கையின் ஆறாவது பக்கத்தைத் தேடிப் புரட்டினான்.

"நான்தான் மேடம் அத இன்னொரு தடவ பாக்கச் சொல்லியிருந்தேன்" என்றான் சின்னவர். "கூட்டத்துலயே பேசிக்கலாம்னு நெனச்சோம்."

பொய். பச்சைப் பொய். மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

சாயங்காலம் வண்டி நிறுத்தும் இடத்தில் பெரியவர் சின்னவரைப் பிடித்தான். "எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றது? ஞாயித்துக்கிழம ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காரணுமே" என்று தலைக்கவசத்தை மாட்டினான் சின்னவர். "அக்காவும் தங்கச்சியும் நம்மளால பேசாம இருந்தா, நமக்கு யாரு சோறு போடுவா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டான். பெரியவர் வண்டிச் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றான். சின்னவர் படம் தன்னைவிட நன்றாகப் போடட்டும், ஆங்கிலம் தன்னைவிட நன்றாகப் பேசட்டும். மனுஷனாகவும் தன்னைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டுமா? தன்னை ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். காப்பாற்றியதைத்தான் தாங்க முடியவில்லை.

படியேறி மேலாளர் அறைக்குத் திரும்பப் போனான். போகும்போதே தெரிந்தது, தான் நேர்மைக்காகப் போகவில்லை என்று. அந்தப் பொய்க்கு வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டிருக்க முடியாது, அவ்வளவுதான். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா என்று யோசிக்க ஆரம்பித்தால் கால் நின்றுவிடும் என்பதால் யோசிக்கவில்லை.

"மேடம், அவரு என்கிட்ட எதுவும் பாக்கச் சொல்லல. நானாத்தான் பாத்தேன். தப்புன்னு நெனச்சேன். கூட்டத்துல சொல்லி அவர மட்டம் தட்டலாம்னு வச்சிருந்தேன்."

 "அவரு சொன்னப்பவே அது பொய்னு எனக்குத் தெரியும்" என்றார் மேலாளர் அம்மா. "அடுத்த மாசத்துலருந்து அவர்தான் குழுத் தலைவர். உங்க ஒவ்வொரு அறிக்கையிலயும் அவரு கையெழுத்துப் போடணும். உங்களால முடியுமா?"

பெரியவர் வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டான்.

"முடியாதுன்னுதான் தோணுது மேடம்" என்றான். "ஆனா நாளைக்கும் வேலைக்கு வரேன்."