அனைவரும் நலம்

நான் நடத்தும் சிறுகதைப் பயிற்சிக்கு வந்த பெண்ணின் கதை, 'அந்த வீட்டில் அனைவரும் நலம்' என்று தொடங்கியது. அடுத்த வரியிலேயே சாவு.

"முதல் வரி எதுக்கும்மா?"

"ஒரு ஆரம்பம் வேணுமில்ல, டீச்சர்?"

அறுபதுகளில், போர்ட் பிளேயரில், எனக்குப் பத்து வயது. மீன்பிடிக்கப் போன அப்பாவின் படகு கவிழ்ந்து ஒரு வாரமாகியும் உடல் கிடைக்கவில்லை. மழை ஒழுகும் தகரக் கூரையின் கீழே, எழுதத் தெரியாத அம்மா, ஊரிலிருந்த அத்தைக்கு என்னைக் கடிதம் எழுதச் சொன்னாள். 'செத்துட்டார்' என்ற சொல் மட்டும் அவள் வாயில் வரவில்லை.

"ஒங்கண்ணன் செருப்பு வாசல்லயே கெடக்கு, நான் எடுக்கலன்னு எழுது. அவளுக்கு வெளங்கிரும். நாளைக்குத் தபால் ஏத்திக்கிட்டு ஜகாஜ் போவுது, சீக்கிரம்."

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழக்கியபடி, 'இங்கு அனைவரும் நலம்' என்று தொடங்கி, அதன் கீழே அம்மா சொன்னதை எழுதினேன்.

அடுத்த கப்பலில் அத்தையின் பார்சல் வந்தது. கிறிஸ்துமஸுக்கு அப்பாவுக்குத் தைத்த சட்டையும் ஒரு ஜோடிச் செருப்பும். கூடவே ஒரு சீட்டு: 'பழைய செருப்பைத் தூக்கிப் போடுங்க மதினி. அண்ணனுக்குப் புதுசு வச்சிருக்கேன்.'

அம்மா அதை மறுபடியும் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

அந்தப் பெண்ணின் முதல் வரியை அடித்தேன். தாள் கிழிந்துவிட்டது.